குடம் நிறைகின்றதா?

“பிரஷர் எவ்வளவு?” என்று கேட்கத் தெரியாத வீடு இன்று நம்மிடையே இல்லை. பெரியவர் ஒருவர் தலைசுற்றி உட்கார்ந்தாலும், கருவுற்ற பெண்ணுக்குக் கால் வீங்கினாலும், நம் வாயில் முதலில் வருவது இந்தக் கேள்விதான். ஆனால், “இதயம் எவ்வளவு இரத்தத்தை இறைத்து அனுப்புகின்றது?” என்று கேட்கத் தெரிந்தவர் நம்மில் எத்தனை பேர்? நானும் அதைக் கேட்கத் தெரியாமலே நாற்பது வயதைக் கடந்தவன். என் மகனின் உயிர் ஊசலாடிய ஓர் இரவில்தான் இவ்விரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்பதை அறிந்துகொண்டேன். அறிந்ததை எழுதிவைத்தால் வேறொரு வீட்டுக்கு உதவும் என்னும் எண்ணத்தில் இதனை எழுதுகின்றேன்.

எங்கள் வீடு இராஜபாளையத்தில். அருகிலுள்ள சத்திரப்பட்டியில், மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்யும் விசைத்தறிக் கூடம் ஒன்றில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. மனைவியின் தாய்வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவுதான் என்பதால், பள்ளிக்கு விடுமுறை விட்ட மறுநாளே என் மகன் தன் நன்னி வீட்டில் இருப்பான். 2016ஆம் ஆண்டு மே மாதத்திலும் அப்படித்தான் சென்றிருந்தான். அப்போது அவனுக்கு வயது பத்து. எடை 28 கிலோ.

அந்த வீட்டுக் கொல்லையில் மதில் கட்டுவதற்காகச் செங்கற்களை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு நாள், மக்ரிபுக்குச் சற்று முன்பாக, செங்கல் இடுக்கில் உருண்டுபோன பந்தை எடுக்கக் கைவிட்டவனைச் செந்தேள் கொட்டிவிட்டது. வீட்டிலிருந்தவர்கள் சுண்ணாம்பு தடவினார்கள், வெங்காயம் தேய்த்தார்கள், பக்கத்துத் தெருவில் பார்வை பார்க்கும் பெரியவரிடமும் அழைத்துச் சென்றார்கள். இப்படியே ஒன்றரை மணி நேரம் கழிந்தது. அதற்குள் பிள்ளை பலமுறை வாந்தி எடுத்துவிட்டான். பிழிந்து எடுக்கும் அளவுக்குச் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. அதன் பிறகே அருகிலிருந்த மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றிருக்கிறார்கள்.

செய்தி கேட்டு நான் ஓடிச் சேர்ந்தபோது அவன் கட்டிலில் கிடந்தான். “அத்தா” என்று ஒருமுறை அழைத்தான். அவன் கையைப் பிடித்தேன். பனிக்கட்டியைப் பிடித்தது போலிருந்தது. என் மச்சான் என் தோளில் கைவைத்து, “பயப்படாதீர்கள் மச்சான், பிரஷர் 150 இருக்கிறது, இறங்கவில்லை” என்றார். எனக்கும் தெம்பு வந்தது. அழுத்தம் நன்றாக இருக்கும்போது அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது? ஆனால் உடம்பு இப்படி நீராய்க் கொட்டுகின்றதே, ஈடுகட்ட வேண்டாமா? ஏறிக்கொண்டிருந்த பாட்டில் தீரும் முன்பே, “இன்னொரு பாட்டில் போடுங்கள், வேகமாக ஏற்றுங்கள்” என்று நான் வற்புறுத்தினேன். அங்கிருந்தவர்கள் தயங்கினார்கள். நான் குரலை உயர்த்தினேன். இரண்டாவது பாட்டிலும் ஏறியது. இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. அது என் வற்புறுத்தலால் நடந்தது.

நள்ளிரவை நெருங்கும்போது பிள்ளைக்கு இருமல் கண்டது. படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தான். மூச்சு இரைத்தது. இருமிய கைத்துண்டில் இளஞ்சிவப்பு நுரை தெரிந்தது. உடனே 108 வண்டியை அழைத்து, இராஜபாளையத்திலிருந்த ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம்.

அங்கே திரையில் அழுத்தம் 110 என்று காட்டியது. நாடித்துடிப்பு 150. “150 இருந்த பிரஷர் 110க்கு வந்துவிட்டது, நார்மல்தானே?” என்று நான் மகிழ்ச்சியோடு கேட்டேன். பணியில் இருந்த டாக்டரம்மா பதில் சொல்லவில்லை. திரையைக்கூட அவர் முதலில் பார்க்கவில்லை. என் மகனின் பாதத்தைப் பிடித்துப் பார்த்தார். பிறகு விரல்நுனியை வெளுக்கும்படி அழுத்திவிட்டுக் கையை எடுத்து, செம்மை திரும்பும்வரை வாய்க்குள் எண்ணினார். அதன் பின் ஒரு சிறு இயந்திரத்தைத் தள்ளிவரச் சொல்லி, நெஞ்சில் பசை தடவி, ‘எக்கோ’ பார்த்தார்.

வெளியே வந்தவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது: “பாய், உங்கள் வீட்டில் தண்ணீர்க் குழாய்க்கு இரப்பர் ட்யூப் போட்டுக் குடம் நிரப்புவீர்களா?”

“ஆமாம்” என்றேன்.

“அந்த ட்யூபின் வாயைக் கட்டை விரலால் பாதி அடைத்தால் என்ன ஆகும்? தண்ணீர் சீறிப் பாயும். உள்ளே அழுத்தம் கூடும். ஆனால் குடம் சீக்கிரம் நிறையுமா?”

“நிறையாது.”

“உங்கள் மகனுக்கு நடப்பது அதுதான். தேளின் நஞ்சு நரம்புகளை முடுக்கிவிட்டு, அட்ரினலின் போன்ற பொருள்களை உடம்பெங்கும் வெள்ளமாகக் கொட்ட வைத்துவிட்டது. அதனால் சிறு இரத்தக் குழாய்கள் எல்லாம் இறுகிக் கிடக்கின்றன. அழுத்தம் உயர்ந்தது அதனால்தான். அந்த இறுக்கத்தை எதிர்த்து இறைத்து இறைத்து, நஞ்சின் தாக்குதலாலும் இதயம் சோர்ந்துவிட்டது. இப்போது அழுத்தம் 110 என்பது குணமடைவதன் அடையாளம் அன்று. தளர்ந்துபோன இதயம் இறங்கிவரும் வழியில் நிற்கும் ஒரு படி.”

என் சட்டைப் பையில் சரக்கு அனுப்பும் சீட்டுப் புத்தகம் இருந்தது. அதை வாங்கி, அதன் முதுகில் கணக்கெழுதிக் காட்டினார். இதயத்தின் வாயில் ஏறத்தாழ வட்டமானது. அதன் பரப்பு 2.3 சதுர சென்டிமீட்டர். ஒரு துடிப்பில் இரத்தம் அந்த வாயிலைக் கடந்து முன்னேறும் தொலைவு, இந்த வயதுப் பிள்ளைக்கு 18 சென்டிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். பரப்பையும் தொலைவையும் பெருக்கினால் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 41 மில்லிலிட்டர். நிமிடத்துக்கு 90 துடிப்பு என்றால் 3.7 லிட்டர். என் மகனுக்கோ அந்தத் தொலைவு 6 சென்டிமீட்டர்தான். ஒரு துடிப்புக்கு 14 மில்லிலிட்டர். 150 முறை துடித்தும் நிமிடத்துக்கு 2.1 லிட்டர்.

தறிக்கூடத்துக் கணக்கனுக்கு இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்லிவிட முடியாது. ஊடை நூல் அறுந்த பழைய தறி தடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கும், துணி இறங்காது. ஓசையைக் கேட்டுக் கூலி போடுவதில்லை. இறங்கிய மீட்டரை அளந்துதான் போடுகின்றோம். இவ்வளவு தெரிந்த நான், என் பிள்ளையின் இதயத்துக்கு மட்டும் ஓசையைக் கேட்டுக் கணக்கெழுதியிருந்தேன்.

“பாட்டிலை நிறுத்திவிட்டேன்” என்றார் டாக்டரம்மா. “இறைக்க முடியாத இதயத்துக்கு மேலும் நீரைக் கொடுத்தால் அது நுரையீரலில்தான் தேங்கும். இப்போது தேங்கியிருக்கிறது. இதயத்துக்கு வலுவூட்டும் மருந்தைச் சிறுகச் சிறுக ஏற்றுகிறோம். கூடவே பிரசோசின் என்ற மாத்திரையும் தர வேண்டும்.”

“அது எதற்கு?”

“அது இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளையின் அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும்போது, அதை இன்னும் குறைப்பதா? அந்த நேரத்தில் இன்னொரு காட்சியும் என் மனத்தைக் குலைத்தது. அடுத்த கட்டிலில் ஒரு மூதாட்டி. கிருமித் தொற்றும் காய்ச்சலும் கண்டு, அழுத்தம் 80க்கு இறங்கி அன்றிரவே சேர்க்கப்பட்டவர். “என் அம்மாவுக்கு இரண்டாவது பாட்டில் ஏறுகிறது” என்று அவருடைய மகன் தாழ்வாரத்தில் என்னிடம் சொன்னார். அவர்களுக்கு இரண்டு பாட்டில். என் மகனுக்கு இருந்ததும் பறிக்கப்பட்டதா? நான் டாக்டரம்மாவிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

அவர் சினம் கொள்ளவில்லை. மருத்துவர் நோயாளியை அளந்து பார்ப்பதற்கு அடிப்படை என்ன என்பதை அந்த நள்ளிரவிலும் நின்று விளக்கினார். படுத்திருப்பவரின் கால்களை 45 பாகை அளவுக்கு உயர்த்திப் பிடித்தால், கால்களில் தங்கிய இரத்தத்தில் ஏறத்தாழ 300 மில்லிலிட்டர் இதயத்தை நோக்கி ஓடிவரும். அது உடம்பின் சொந்த இரத்தத்தையே கொண்டு செய்யும் சோதனை. கால்களை இறக்கினால் பழைய நிலை திரும்பிவிடும். அந்த ஒரு நிமிடத்தில் இதயம் வெளியேற்றும் அளவு பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடினால், அந்த நோயாளிக்கு நீர் பயன் தரும், கூடாவிட்டால் தராது. மூதாட்டிக்குக் கூடியது, ஆகவே பாட்டில். என் மகனுக்கோ நுரையீரல் ஏற்கெனவே நிரம்பியிருந்தது, ஆகவே நிறுத்தம். அளவு சொன்னதைத்தான் செய்தார்கள். நான் நினைத்தது போல் அதில் ஓரவஞ்சனை எதுவும் இல்லை.

“குழாய் வாயை அடைத்திருக்கும் கட்டை விரலை எடுப்பதுதான் பிரசோசின்” என்று முடித்தார். “அழுத்தம் சற்றுக் குறையலாம். குடம் நிறையும். சம்மதமா பாய்?”

கையெழுத்திட்டேன். கை நடுங்கியது. பிறகு சுவரோரமாக உட்கார்ந்து துஆ செய்வதைத் தவிர எனக்கு வேறு வேலை இருக்கவில்லை.

அந்த மாத்திரை தேள்கடிக்கு வந்த வரலாற்றைப் பின்னர்தான் தெரிந்துகொண்டேன். மராட்டிய மாநிலத்தின் மஹாட் வட்டாரத்தில் கிராமப்புற மக்களுக்கு மருத்துவம் செய்துவந்த டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், செந்தேள் கொட்டிய குழந்தைகள் நுரையீரலில் நீர் தேங்கி இறப்பதைக் கண்டு, அவர்களுடைய கட்டிலருகே இருந்து நாடியையும் அழுத்தத்தையும் கைகால்களின் குளிர்ச்சியையும் குறித்துவந்தார். பிரசோசின் கொடுத்துக் கண்ட பலனை 1986ஆம் ஆண்டு ‘லான்செட்’ என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளியிட்டார். 2022ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் திலீப் கர்னாட், தேள்கடி பட்டுத் தீவிர சிகிச்சையில் இருந்தவர்களின் இதயத்துக்குள் குழாய் செலுத்தி, இரத்த ஓட்டத்தை அளந்து, 1998இல் ஆய்வொன்றை வெளியிட்டார். சிலரிடம் இரத்தக் குழாய்களின் இறுக்கம் மேலோங்கியிருந்ததையும், சிலரிடம் இடது கீழறையின் தளர்ச்சி மேலோங்கியிருந்ததையும் அந்த அளவீடுகள் காட்டின. கொட்டியது ஒரே வகைத் தேள். ஆனால் உடம்புக்குள் நடப்பது ஆளுக்கு ஆள் வேறு. இதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட இயலாது.

இதயம் வெளியேற்றும் இரத்தத்தை உயிரோடிருக்கும் மனிதனிடம் அளப்பது எப்படி என்பது நெடுங்காலப் புதிர். வலப்புற இதயத்திலிருந்து இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, காற்றோடு கலந்து, இடப்புறம் திரும்புகின்றது என்பதை 1242ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தவர் இப்னு அந்நஃபீஸ். திமிஷ்கில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அந்த மருத்துவ மேதை, இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் உள்ளன என்ற கேலனின் பழைய கொள்கையை மறுத்தார். இந்த நுரையீரல் சுற்றுதான் பிற்கால அளவீடுகளுக்கெல்லாம் வாசலாக அமைந்தது.

1870ஆம் ஆண்டு, ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் அடால்ஃப் ஃபிக் என்னும் உடலியல் அறிஞர் எளிய கணக்கொன்றைச் சொன்னார். ஒவ்வொரு வண்டியும் 50 கட்டுத் துணியை இறக்குகின்றது. ஒரு மணி நேரத்தில் 250 கட்டு இறங்கியிருக்கிறது என்றால், வந்தவை ஐந்து வண்டிகள் என்று வாசலில் நிற்காமலே சொல்லிவிடலாம் அல்லவா? அதுபோல், உடம்பு ஒரு நிமிடத்தில் 250 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் செலவிடுகின்றது. ஒவ்வொரு லிட்டர் இரத்தமும் அதில் 50 மில்லிலிட்டரைக் கொடுத்துச் செல்கின்றது என்றால், ஓடிய இரத்தம் 5 லிட்டர். வளர்ந்த மனிதர் ஒருவர் ஓய்வாக இருக்கும்போது இதயம் இறைக்கும் அளவும் ஏறத்தாழ இதுதான்.

ஆனால் அந்தக் கணக்குக்கு இதயத்திலிருந்தே இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். 1929இல் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்னும் இளம் ஜெர்மன் மருத்துவர், தம் கையின் இரத்தக் குழாய் வழியாகத் தாமே மெல்லிய குழாயொன்றை இதயம்வரை செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்து சென்று படம் எடுத்துக்கொண்டார். அவருக்கும், அவ்வழியை வளர்த்தெடுத்த கூர்னாந்த், ரிச்சர்ட்ஸ் ஆகிய இருவருக்கும் 1956இல் நோபல் பரிசு கிடைத்தது. 1970இல் அமெரிக்காவில் ஸ்வான், கான்ஸ் என்னும் இரு மருத்துவர்கள், குழாயின் நுனியில் சிறு பலூன் வைத்து, இரத்த ஓட்டமே அதை நுரையீரல் தமனிவரை இழுத்துச் செல்லும்படி செய்தார்கள். கடலில் பாய்மரப் படகைக் கண்டபோது ஸ்வானுக்கு அந்த எண்ணம் உதித்ததாம். அக்குழாயின் வழியே குளிர்ந்த நீர்மத்தைச் செலுத்தி, நுனியில் உள்ள வெப்பமானி எவ்வளவு குளிர்ச்சியை எவ்வளவு நேரம் உணர்கின்றது என்று பார்த்து, ஓட்டத்தைக் கணக்கிட்டார்கள். உலகெங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அம்முறை பரவியது.

இங்கேதான் நாம் படிக்க வேண்டிய பாடம் இருக்கின்றது. இவ்வளவு நுட்பமான அளவீடு உயிர்களைக் காத்ததா? 1996இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்று, அக்குழாய் செலுத்தப்பட்டவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்ததைக் காட்டி மருத்துவ உலகை உலுக்கியது. 2005இல் பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்திய சோதனையில், குழாய் வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் இறப்பில் வேறுபாடு காணப்படவில்லை. அளவுகோல் யாரையும் குணப்படுத்துவதில்லை. அளந்த எண்ணைக் கொண்டு எதைச் செய்வது, எதை நிறுத்துவது என்று தெரிந்தால்தான் அளவுக்குப் பயன். அதன் பின் அக்குழாய் எல்லாருக்கும் என்பது மாறி, தேவையான சிலருக்கு என்று ஆனது.

அந்த இடத்தைப் பெருமளவுக்கு எக்கோ நிரப்பியது. ஒலியலையால் இதயத்தைக் காணும் முறையை 1953இல் சுவீடனின் லுண்ட் நகரில் எட்லர், ஹெர்ட்ஸ் என்னும் இருவர் தொடங்கிவைத்தனர். நம்மை நோக்கி வரும் இரயிலின் ஊதல் ஒரு சுருதியிலும், கடந்து போகும்போது வேறு சுருதியிலும் கேட்கின்றது அல்லவா? 1842இல் டாப்ளர் விளக்கிய அந்த இயல்பைக் கொண்டே, இதய வாயிலில் இரத்தம் ஓடும் வேகத்தை இயந்திரம் அறிகின்றது. ஊசியும் வேண்டியதில்லை, குழாயும் வேண்டியதில்லை.

இன்னும் ஒரு செய்தி என்னை வியக்க வைத்தது. தென் அமெரிக்காவின் ஐந்து நாடுகளில், கிருமித் தொற்றால் அதிர்ச்சி நிலைக்குச் சென்ற 424 பேரிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. விரல்நுனியை அழுத்திச் செம்மை திரும்பும் நேரத்தைப் பார்த்துச் செய்த சிகிச்சை, இரத்தப் பரிசோதனையைப் பார்த்துச் செய்த சிகிச்சைக்குச் சற்றும் தாழ்ந்ததாக இல்லை என்பதை அது காட்டியது. டாக்டரம்மா முதலில் பாதத்தைப் பிடித்ததும் விரலை அழுத்தியதும் காரணத்தோடுதான். விரலும் இயந்திரமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: இரத்தம் போய்ச் சேர்கின்றதா?

இரண்டாம் நாள் மாலை அவனுடைய மூச்சிரைப்பு தணிந்தது. மூன்றாம் நாள் காலையில் என்னை உள்ளே அனுமதித்தார்கள். திரையைப் பார்க்காமல் அவன் பாதத்தைப் பிடித்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. சிறிது நேரத்தில் வந்த டாக்டரம்மா எக்கோ பார்த்துவிட்டு, அதே சீட்டுப் புத்தகத்தை வாங்கி எழுதினார்: தொலைவு 16, துடிப்பு 100, அளவு 3.7 லிட்டர். அழுத்தம் 100. முதல் இரவில் கண்டதைவிட அது குறைவு. அல்ஹம்துலில்லாஹ், குடம் நிறைந்துவிட்டது. அடுத்த கட்டில் மூதாட்டியும் அன்றுதான் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார்.

வாசகச் சகோதர சகோதரிகளே, அறிவுரை சொல்லும் தகுதி எனக்கில்லை. பட்டவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கின்றேன். தேள் கொட்டிய குழந்தைக்கு வாந்தியும் வியர்வையும் கைகால் குளிர்ச்சியும் கண்டால், வீட்டு வைத்தியத்தில் ஒரு நிமிடத்தையும் கழிக்காதீர்கள். மருத்துவமனையில், “பாட்டில் ஏற்றுங்கள்” என்று வற்புறுத்தாதீர்கள். “ஏற்ற வேண்டாம்” என்றும் அடம்பிடிக்காதீர்கள். நீர் தேவைப்படும் நோயாளியும் உண்டு, நீரே கேடாகும் நோயாளியும் உண்டு. அதை அளந்து அறிவது மருத்துவரின் பொறுப்பு. நாம் கேட்கத் தகுந்தது ஒன்றுதான்: “பிரஷர் இருக்கட்டும் டாக்டர், இரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது?” இந்தக் கேள்வியை எந்த நல்ல மருத்துவரும் வரவேற்பார்.

என் மகன் இப்போது மீசை முளைத்த இளைஞன். அந்தச் சீட்டுப் புத்தகம் இன்றும் என் மேசை அறையில் இருக்கின்றது. முன்பக்கத்தில் சத்திரப்பட்டியிலிருந்து சென்ற கட்டுத்துணியின் மீட்டர் கணக்கு, பின்பக்கத்தில் 2.1, 3.7 என்ற இரண்டு எண்கள். அவன் கையில் ஊசியை நிறுத்திக் கட்டியிருந்த துணியும் எங்கள் வட்டாரத் தறியொன்றில் இறங்கியதாகவே இருக்கலாம். தறி ஓடும் ஓசையில் மயங்காமல், இறங்கிய துணியை அளந்துவிட்டே இப்போது கணக்கெழுதுகின்றேன்.